தன்னையே கேட்கும் கணக்கு

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடை. நிர்வாகியின் கமிஷனைக் கழிப்பதற்கு முன் ஆண்டு இலாபம் 1,10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கமிஷனைக் கழித்த பின் மிஞ்சும் நிகர இலாபத்தில் 10 சதவீதம் கமிஷன் என்பது பேச்சு. கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இது பழகிய ஏற்பாடுதான்.

இதைக் கணிப்பொறியில் எக்செல் விரிதாளில் எழுதுவோம். பி1 கட்டத்தில் இலாபம். பி2-இல் கமிஷன்: பி3-இல் பத்தில் ஒரு பங்கு. பி3-இல் நிகர இலாபம்: பி1-இலிருந்து பி2-ஐக் கழி. எழுதி முடித்ததும் விடைக்குப் பதில் ஓர் எச்சரிக்கை வருகிறது. பி2 வேண்டுமானால் பி3 தெரிய வேண்டும். பி3 வேண்டுமானால் பி2 தெரிய வேண்டும். இதற்கு 'வட்டச் சுட்டு' என்று பெயர்.

வட்டம் இருப்பதைப் பொறி எவ்வாறு அறிகிறது? ஒரு கட்டத்தைக் கணக்கிடப் புகும்போது அதில் 'தொடங்கியது' என்று குறி வைப்பதாகக் கொள்ளுங்கள். அது கேட்கும் கட்டங்களுக்கு ஒவ்வொன்றாகச் சென்று, விடை கிடைத்தபின் 'முடிந்தது' என்று குறியை மாற்ற வேண்டும். போகும் வழியில், தொடங்கி இன்னும் முடியாத கட்டம் ஒன்று எதிர்ப்பட்டால் வட்டம் அகப்பட்டுவிட்டது! இவ்விதத் தேடலை 1972-இல் ராபர்ட் டார்ஜன் ஒரு கட்டுரையில் செம்மையாக வகுத்துக் காட்டினார். 1979-இல் வெளிவந்த விசிகால்க் விரிதாளோ கட்டங்களை வரிசை வரிசையாகவோ பத்தி பத்தியாகவோதான் கணக்கிட்டது. எது எதைச் சார்ந்தது என்று பார்த்து முறைப்படுத்தவில்லை.

பெரும்பாலான வட்டங்கள் வெறும் கைப்பிழைகளே. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். முப்பது தறிகளின் மீட்டர் கணக்கு பி2 முதல் பி31 வரை இருக்க, பி32-இல் மொத்தம் போடுபவர் 'பி2 முதல் பி32 வரை' என்று எழுதிவிடலாம். மொத்தம் தன்னையும் கூட்டிக்கொள்ளப் பார்க்கிறது. 32-ஐ 31 ஆக்கினால் தீர்ந்தது.

பல தாள்களைச் சுற்றி வரும் வட்டம்தான் தொல்லை. நூற்பாலையின் அடக்கவிலைத் தாள் கழிவுப் பஞ்சின் மதிப்பைக் கேட்கும். கழிவுத் தாள் நூலின் அடக்கவிலையைக் கேட்கும். எக்செலில் 'ஃபார்முலாஸ்' பகுதிக்குச் சென்று, 'எர்ரர் செக்கிங்' அருகிலுள்ள அம்பை அழுத்தினால், 'சர்க்குலர் ரெஃபரன்சஸ்' என்பதில் கட்டத்தின் பெயர் தெரியும். லிபர் ஆஃபீஸ் கட்டத்திலேயே பிழை எண் 522 என்று காட்டும். இன்னொரு வழியும் உண்டு. ஐயத்திற்குரிய கட்டத்தின் வாய்பாட்டைக் குறித்து வைத்துக்கொண்டு, அங்கே வெறும் எண் ஒன்றை இடுங்கள். எச்சரிக்கை மறைந்தால் அக்கட்டம் வட்டத்தில் இருந்தது என்று பொருள்.

பால்கோவாக் கடையில் பிழை ஏதும் இல்லை, ஒப்பந்தமே வட்டமானது. பள்ளி இயற்கணிதம் இதை நொடியில் அவிழ்க்கும். நிகர இலாபம் பத்துப் பங்கு, கமிஷன் ஒரு பங்கு. ஆக பி1 என்பது பதினொரு பங்கு. எனவே பி2-இல் 'பி1-ஐ 11-ஆல் வகு' என்று எழுதினால் போதும். கமிஷன் 10,000 ரூபாய்.

திரும்பத் திரும்பக் கணக்கிடுமாறு எக்செலைப் பணிக்கவும் முடியும். கமிஷன் சுழி என்று தொடங்கினால் அடுத்தடுத்து 11,000, 9,900, 10,010, 9,999 என வரும். ஒவ்வொரு சுற்றிலும் பிழை பத்தில் ஒன்றாகச் சுருங்குவதால் விடை நெருங்குகிறது. ஆனால் கமிஷன், மிஞ்சும் இலாபத்திற்குச் சமம் என்று ஒப்பந்தம் இருந்தால்? விடை 55,000 என்று நமக்குத் தெரியும். பொறியோ சுழிக்கும் 1,10,000-க்கும் இடையே ஊசலாடும். வழக்கமான எல்லையான 100 சுற்று முடிந்ததும், நின்ற இடத்து எண்ணை விடையாகக் காட்டும்!

இந்த வசதியைத் திறந்து வைப்பதை நான் விரும்புவதில்லை. திறந்திருந்தால் எச்சரிக்கை வராது. சத்திரப்பட்டிக் கணக்கில் மொத்தம் ஒவ்வொரு சுற்றிலும் தன்னோடு தறிகளின் கூட்டுத்தொகையைச் சேர்த்துச் சேர்த்து, 100 சுற்றில் உண்மைத் தொகையைப்போல் 100 மடங்காகும். நூறு மடங்கு என்றால் யாரும் கண்டுகொள்வார்கள். சில சதவீதம் மட்டும் பிசகும் வட்டத்தைக் கண்டுகொள்வது கடினம், அதில் கூலிப் பட்டுவாடாவே தவறிப்போகும். மேலும் எக்செல் இந்த ஏற்பாட்டை முதலில் திறந்த கோப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஒரே கோப்பு ஒரு நாள் எச்சரிக்கும், மறுநாள் பேசாமல் இருக்கும்.

பஞ்சு வாங்கப் பெற்ற கடனுக்கு வட்டி போடும்போதும் இவ்வட்டம் நேரும். தொடக்க, இறுதி நிலுவைகளின் சராசரிக்கு வட்டி என்றால் இறுதி நிலுவையில் அந்த வட்டியும் அடங்கியிருக்கிறதே! வங்கிகள் அன்றாட நிலுவைக்கு வட்டி கணக்கிட்டு, மாத முடிவில் பற்று எழுதுகின்றன. விரிதாளிலும் நாளுக்கு ஒரு வரி ஒதுக்கி, முந்தைய வரியின் நிலுவையை மட்டும் கேட்குமாறு எழுதினால் வட்டம் இராது.