எண்ணெய்த் திமிங்கிலத்தை மடக்கும் ஓர்கா

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கத்திலிருந்து பலநாள் படகில் ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்கு ஓங்கிலும் திமிங்கிலமும் புதினமில்லை. ஆனால் ஆள் உயரக் கறுப்புத் துடுப்பு ஒன்று நட்டகுத்தாகத் தண்ணீரைக் கிழித்துவந்தால் அது வேறு சங்கதி. வருவது ஆண் ஓர்கா. அதன் முதுகுத் துடுப்பு 1.8 மீற்றர் வரை வளரும்; பெண்ணுக்கு அதில் பாதிதான். கண்ணுக்குப் பின்னால் முட்டை வடிவில் வெள்ளைத் திட்டு இருக்கும். ஓங்கில் குடும்பத்திலேயே மிகப் பெரியது இதுதான்.

ஓர்காவைக் குளிர்கடல் விலங்கு என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 2013 ஏப்ரலில் நம் தெற்கே மிரிஸ்ஸ கடலில் ஓர்காக்கள் எண்ணெய்த் திமிங்கிலங்களைத் தாக்கியதை ஒளிப்படக் கலைஞர் ஷோன் ஹைன்ரிக்ஸ் படம் பிடித்தார். 2015இல் அது ஆய்வுக் கட்டுரையாகவும் வந்தது. அம்பர் தருகிற அதே திமிங்கிலம்தான் இந்த எண்ணெய்த் திமிங்கிலம். அதன் பெண்களே பத்து மீற்றரைத் தாண்டும். அதையா ஓர்கா வேட்டையாடுகிறது?

கூட்டமாகச் சேர்ந்தால் முடியும். திமிங்கிலங்களுக்குக் காது கூர்மை என்பதால் அவற்றை வேட்டையாடும் ஓர்காக்கள் பெரும்பாலும் சத்தமின்றி நெருங்கும். பிறகு கரைவலையை இரு பக்கத்தாலும் இழுத்து நெருக்குவதுபோலச் சுற்றி வளைக்கும். எண்ணெய்த் திமிங்கிலங்களும் சும்மா இருப்பதில்லை: தலைகளை உள்ளே சேர்த்து, வால்களை வெளியே நீட்டி வட்டமாக நின்றுகொள்ளும். 1997 ஒக்டோபரில் கலிபோர்னியாவுக்கு அப்பால் ஒன்பது திமிங்கிலங்கள் அப்படி நின்றன. சுமார் 35 ஓர்காக்கள் மணிக்கணக்கில் போராடின. பெண் ஓர்காக்கள் நான்கைந்தாக வந்து கடிக்கும், விலகும். அடுத்த கூட்டம் வரும். வட்டத்திலிருந்து இழுபட்டுப் போன ஒன்றை மீட்க மற்றத் திமிங்கிலங்கள் வெளியே வந்து, தாங்களும் கடிபட்டன. என்னை உலுக்குவது இந்த இடம்தான். ஆண் ஓர்கா வந்தது கடைசியில். வந்து ஒரு திமிங்கிலத்தைக் கொண்டுபோனது.

இந்த வேட்டை பிறவியிலேயே வருவதில்லை. தாயோடும் பாட்டியோடும் கூடவே திரிந்து குட்டிகள் பழகுகின்றன.

துடுப்பின் வெட்டு, வடு, அதன் பின்னாலுள்ள சாம்பல் திட்டு ஆகியவற்றை வைத்தே ஒவ்வோர் ஓர்காவையும் பிரித்தறிகிறார்கள். இலங்கைக் கடலில் பதிவான சில ஓர்காக்கள் அபுதாபிக் கடலிலும் படமெடுக்கப்பட்டவை என்று தெரியவந்தது அப்படித்தான். நம் கடலோடிகளின் கைபேசிக்கும் இதில் வேலையுண்டு. ஓர்காவைக் கண்டால் துரத்தாமல், துடுப்பை இரு பக்கமும் தெளிவாக எடுத்து, நாளையும் ஜி.பி.எஸ். காட்டும் இடத்தையும் குறித்துவைத்தால் போதும்.