திண்ணனூர் 14 ஆகுமா? கம்ப்யூட்டர் சிரிக்காத வேடிக்கைக் கணக்கு!

நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது கொல்லிமலை. காரவள்ளி அடிவாரத்தில் இருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். மலை மேல் உள்ள ஊராட்சிகளுக்கு "நாடு" என்று பெயர். அப்படி 14 நாடுகள் இருக்கின்றன. அதில் ஒன்று திண்ணனூர் நாடு.

இப்போது ஒரு கணக்கு:

திண்ணனூர் ஒரு நாடு. நாடுகள் 14. ஆகவே, திண்ணனூர் 14!

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட இதைக் கேட்டுச் சிரிக்கும். "14 என்பது எல்லா நாடுகளும் சேர்ந்த தொகை. அது திண்ணனூருக்கு எப்படிப் பொருந்தும்?" என்று கேட்டுவிடும். ஆனால் கம்ப்யூட்டர் சிரிக்காது. எழுதிக் கொடுத்தபடி கணக்குப் போட்டுவிடும்.

அரிசி எங்கே?

தமிழ்நாட்டில் 2017-ம் ஆண்டு முதல் ரேஷன் கார்டு "ஸ்மார்ட் கார்டு" ஆயிற்று. கடையில் மிஷினில் கார்டைக் காட்டினால் கணக்கு வந்துவிடும்.

பரம ஏழைகளுக்கு "அந்தியோதயா" கார்டு. மாதம் 35 கிலோ அரிசி. இந்த 35 என்பது அந்தியோதயா என்ற வகைக்கு உரியது. இந்த மாதம் பாக்கி எவ்வளவு என்பதோ, தனித் தனிக் கார்டுக்கு உரியது.

புரோகிராம் எழுதுகிறவர் இரண்டையும் ஒரே இடத்தில் போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். காலையில் ஒரு தாய் வருகிறார். 35 கிலோவையும் வாங்கிப் போகிறார். வகையின் கணக்கில் 35 கழிந்து பூஜ்யம் நிற்கிறது. அடுத்து, மலைப்பாதையில் வெகுதூரம் நடந்து இன்னொரு தாய் வருகிறார். "பாக்கி இல்லை" என்கிறது மிஷின்! அரிசி மூட்டை எதிரிலேயே இருக்கிறது. அவரோ வெறும் பையோடு திரும்புகிறார்.

கடைக்காரரைக் கோபித்து என்ன பயன்? பிழை நடந்தது எங்கோ ஒரு காகிதத்தில்.

முதலில் படம்

அந்தக் காகிதத்துக்கு "மாடல்" என்று பெயர். வீடு கட்டுமுன் பிளான் போடுகிறோம் அல்லவா? அதுபோல முதலில் படம் போடுகிறார்கள். அதைப் பார்த்துப் புரோகிராமைக் கம்ப்யூட்டரே எழுதும்படி செய்கிறார்கள். அமெரிக்காவில் 1989-ல் தோன்றிய "ஆப்ஜெக்ட் மேனேஜ்மெண்ட் குரூப்" என்ற அமைப்பு, 2001-ல் இதற்கு ஒரு திட்டம் வகுத்தது. நம் நாட்டில், புனே நகரில் 1981-ல் தொடங்கிய டாட்டா ஆராய்ச்சி நிலையம் இந்தத் துறையில் வெகுகாலம் உழைத்தது.

படத்தில் பிழை இருந்தால் கம்ப்யூட்டர் அதையும் பிசகாமல் எழுதிவிடும். ஆகவே எது எந்தப் படியில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

படிகள் நாலு. கீழ்ப்படியில் நிஜம்: கையில் உள்ள கார்டு, பையில் விழும் அரிசி. இரண்டாம் படியில் மாடல்: "அந்தியோதயா கார்டு என்று ஒரு வகை, அதற்கு 35 கிலோ." மூன்றாவது, படத்தின் பாஷை: கட்டம் போட்டால் என்ன பொருள், கோடு போட்டால் என்ன பொருள். 1997-ல் வந்த "யு.எம்.எல்." அப்படி ஒரு பாஷை. நாலாவது, இத்தகைய பாஷைகளை அமைக்கும் விதி. அதற்கும் மேலே? படி இல்லை! தமிழ் இலக்கணத்தைத் தமிழிலேயே எழுதுவது போல, நாலாம் படி தன்னைத் தானே விளக்கிக்கொள்கிறது.

மேப்பைப் பாருங்கள்

இன்னொரு குழப்பமும் உண்டு. தமிழ்நாட்டு மேப்பில் கொல்லிமலை ரோடு சின்னக் கோடு. மலைக்கென்றே பெரிதாகப் போட்ட மேப்பில் 70 வளைவும் தெரியும். ஒன்றில் விவரம் குறைவு, ஒன்றில் அதிகம். அவ்வளவுதான். இரண்டும் மலையைப் பற்றியே பேசுகின்றன. ஆனால் மேப்பின் மூலையில், "இந்தக் குறி கோவில், இந்தக் குறி ரோடு" என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறதே? அது மலையைப் பற்றிப் பேசவில்லை. மேப்பைப் பற்றிப் பேசுகிறது!

கம்ப்யூட்டர் மாடலும் இப்படியே. எந்த மிஷினுக்கு என்று சொல்லாத படம் உண்டு. இன்ன மிஷினுக்கு என்று நுணுக்கமாகப் போட்ட படமும் உண்டு. இரண்டும் ஒரே படிதான். இன்ஜினீயர்கள்கூட இதையும் "மேல் மட்டம்", அதையும் "மேல் மட்டம்" என்று சொல்லிக் குழம்புவது உண்டு.

"இது அதில் ஒன்றா?" என்று கேட்டால் குழப்பம் தீரும். திண்ணனூர், நாடுகளில் ஒன்றா? ஆம். அப்படியானால் "நாடு" என்பது மேல்படி. பெரிய மேப், சின்ன மேப்புகளில் ஒன்றா? இல்லை. அங்கே படி மாறவில்லை.

இதே கேள்வியைக் கேட்டு ரேஷன் படத்தைத் திருத்தினால், 35 என்பது வகையின் பக்கத்தில் ஒரே தடவை நிற்கும். அதை யாரும் கழிக்க முடியாது. பாக்கி ஒவ்வொரு கார்டோடும் தனியாகப் போகும். இரண்டாவது தாய் கார்டைக் காட்டும்போது மிஷினில் 35 தெரியும்.