புல்வெட்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? எஞ்சினைக் கழற்றும் முன் இவற்றைக் கவனியுங்கள்

பள்ளித் திடலிலும் ஆலய வளாகத்திலும் பயன்படும், அமர்ந்து ஓட்டும் புல்வெட்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் எஞ்சின் போய்விட்டதாக முடிவு செய்ய வேண்டாம். இருக்கைக்கு அடியிலுள்ள பாதுகாப்பு சுவிட்ச் பழுதானாலும், பிரேக்கை மிதிக்க மறந்தாலும், பிளேடு இயங்கும் நிலையில் இருந்தாலும் வண்டி கிளம்பாது. முழுதாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்ட வேண்டும். பல வாரங்கள் தேங்கிய பெட்ரோல் கார்புரேட்டரை அடைத்துவிடும். இவையெல்லாம் பெரும்பாலும் சிறு செலவில் சரியாகும்.

கிராங்க்‌ஷாஃப்ட் வளைந்தாலோ, கியர்பெட்டி பழுதானாலோதான் செலவு எகிறும். ஆகவே எந்தப் பாகத்துக்கு எத்தனை ரிங்கிட், கூலி எவ்வளவு என்று பட்டறையில் எழுதி வாங்கிய பிறகே சம்மதியுங்கள். செலவாவது பொதுப்பணம்.