காத்து எந்தப் பக்கம் பாஸ்?

கிளாஸ் கட் அடிச்சுட்டு பீச்சுக்குப் போயிருப்பீங்க. கால் நனைச்சு, சுண்டல் சாப்பிட்டு, செல்ஃபி எடுத்துட்டு பஸ் ஏறியிருப்பீங்க. அதே கடலுக்குள்ள இன்ஜின் சத்தம் இல்லாம, ஒரு துடுப்பு, ஒரு தூண்டிலோட தனியா போய் மீன் பிடிச்சா எப்படி இருக்கும்? செமையா இருக்கும். அதுக்குப் பேர்தான் கயாக் ஃபிஷிங்.

உடனே என்னை எக்ஸ்பர்ட்னு நினைச்சுடாதீங்க. நான் மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம். போன வருஷம் ஜூன் மாசம், மண்டபம் பக்கம் சித்தி வீட்டுக்குப் போயிருந்தப்போ, இரவல் கயாக்ல கெத்தா கடலுக்குள்ள போனேன். கரைக்குத் திரும்ப முடியாம, ஒரு வள்ளத்தோட பின்னாடி கயித்துல கட்டி இழுத்துட்டு வரப்பட்டேன். அந்தக் கதைக்கு அப்புறம் வர்றேன். அதுக்கு முன்னாடி கொஞ்சம் பாடம்.

ராமநாதபுரம் மாவட்டத்துக்கு ரெண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ராமேஸ்வரத்துல முதல் கடலைப் பெண் கடல், ரெண்டாவதை ஆண் கடல்னு சொல்வாங்க (ஏன்னு கேட்டா ஆளுக்கு ஒரு விளக்கம் வரும்!). மன்னார் வளைகுடாவில் இருக்கிற 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986லிருந்து கடல்வாழ் தேசியப் பூங்கா. தீவுப் பக்கம் தூண்டிலோட போகவே கூடாது. புதுசா கத்துக்கறவங்களுக்கு ஆழம் குறைஞ்ச பாக் விரிகுடாதான் சரி. கரையோரமா கடல்புல் படுகைகள் நிறைய இருக்கு. புல் இருந்தா இறால் இருக்கும், இறால் இருந்தா மீன் வரும். கணக்கு சிம்பிள்.

கயாக்குன்னா ஆர்க்டிக் பக்கத்து மக்கள் சீல் தோலை வெச்சுக் கட்டின படகு. உடம்புல பாதி உள்ளே, பாதி வெளியே. அவங்க குளிருக்கு அது சரி. நம்ம வெயிலுக்கும் தூண்டிலுக்கும் தோதானது, மேலே உட்கார்ந்து போற பிளாஸ்டிக் கயாக். பத்துப் பன்னிரண்டு அடி நீளம், நடுநடுவே அடி வரைக்கும் போற ஓட்டைகள். 'என்னடா, படகுல ஓட்டையா?'ன்னு முதல் தடவை பார்த்தப்போ நானும் பதறினேன். நீங்க உட்கார்ற தளம் கடல் மட்டத்துக்கு மேலே இருக்கு. அதனால உள்ளே விழுற தண்ணி அந்த ஓட்டை வழியா தானே இறங்கிடும். ரொம்ப வெயிட் ஏத்தினா தளம் கீழே போய், அதே ஓட்டை வழியா தண்ணி மேலே வரும். பேன்ட் நனைஞ்சா ஓவர்லோடுன்னு அர்த்தம்!

யோசிச்சுப் பாருங்க, இது நம்ம கட்டுமரமேதான். மரத்தைச் சேர்த்துக் கட்டினா இடைவெளியில தண்ணி வந்துட்டுப் போகும். நிறையவும் நிறையாது, மூழ்கவும் மூழ்காது. இங்கிலீஷ்ல கேட்டமரான்னு சொல்றாங்களே, அந்த வார்த்தையே நம்மகிட்ட இருந்து போனதுதான். நாலு செமஸ்டர் படிச்சப்புறம் எனக்குப் புரிஞ்ச விஷயத்தை, எந்தக் காலத்திலேயோ கயிறும் மரமும் வெச்சு முடிச்சிருக்காங்க.

சொந்தமா வாங்க அவசரப்படாதீங்க, பைக் வாங்குற காசு ஆகும். பிரப்பன்வலசை, காரங்காடு பக்கமெல்லாம் துடுப்புப் படகு விட ஏற்பாடு இருக்கு. அங்கே முதல்ல தூண்டில் இல்லாமப் பழகுங்க. முதல் பாடம், விழறது. இடுப்பளவு தண்ணியில வேணும்னே கவிழ்த்து விடுங்க. கவிழ்ந்த கயாக்கோட எதிர்ப்பக்க ஓரத்தைப் பிடிச்சு இழுத்து நிமிர்த்துங்க. காலை உதைச்சு வயித்தால குறுக்கே ஏறிப் படுங்க. அப்புறம் திரும்பி உட்காருங்க. கேட்க ஈஸியா இருக்கும். முதல் நாள் நான் ஏழு தடவை முயற்சி பண்ணி ரெண்டு தடவைதான் ஏறினேன். பத்துக்கு எட்டு வர்ற வரைக்கும் ஆழத்துக்குப் போகாதீங்க.

தூண்டில் விஷயத்துல பெருசா ஒண்ணும் இல்லை. ஆறு, ஏழு அடி ராடு, உப்புக்குத் தாங்குற ஒரு ரீல், உயிர் இறால் அல்லது சின்ன மெட்டல் ஜிக். ராடையும் துடுப்பையும் கயித்துல கட்டி வைங்க, இல்லாட்டி கடலுக்கு காணிக்கை. பெரிய மீன் மாட்டினா பக்கவாட்டுல சாயாதீங்க, கயாக்கோட மூக்குப் பக்கம் கொண்டு வந்து தூக்குங்க. நங்கூரத்தையும் பக்கவாட்டுல கட்டக் கூடாது, முன்னாடியோ பின்னாடியோதான். நீரோட்டம் இழுக்கும்போது குறுக்கே நின்னா புரட்டிடும்.

பாறை, சீலா, விளமீன், கிழங்கான் கிடைக்கலாம். சீலாவுக்குப் பல்லு பிளேடு மாதிரி. கெளிறு, ஓரா ரெண்டுக்கும் முள்ளுல விஷம், திருக்கைக்கு வால்ல. இடுக்கி இல்லாம கை வெக்காதீங்க. பேத்தை மாட்டினா பலூன் மாதிரி உப்பிக் காட்டும். ரசிச்சுட்டு விட்டுடுங்க. சமைச்சாலும் அதோட விஷம் போகாது. கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை, தொட்டா கேஸ். கொடி கட்டின மிதவை தெரிஞ்சா அங்கே யாரோ வலை போட்டிருக்காங்க. நமக்கு அது ஹாபி, அவங்களுக்கு அன்னிக்கு வீட்டுச் சாப்பாடு. ஒதுங்கிப் போங்க.

சரி, ஜூன் மேட்டருக்கு வருவோம்.

காலை ஆறரை மணி. கடல் தாம்பாளத்துல ஊத்தின தண்ணி மாதிரி இருந்துச்சு. அலையே இல்லை. லைஃப் ஜாக்கெட் போட்டா வேர்க்குதுன்னு கழட்டி, சீட்டுக்குப் பின்னாடி கட்டினேன். நனைஞ்சிடும்னு போனை வீட்டிலேயே விட்டாச்சு. துடுப்பைப் போட்டா கயாக் சும்மா ஜிவ்வுனு போகுது. 'அடடா, நமக்கு இவ்வளவு பவரா?'ன்னு ஒரே பெருமை! புல்லு ஓரமா ஜிக்கை வீசினேன். முக்கால் கிலோ இருக்கும், ஒரு பாறை. அது இழுக்குது, நான் இழுக்கறேன், அப்படியே சொர்க்கம். அடுத்து ஒண்ணு. மூணாவதுக்கு வீசிட்டுத் தலையைத் தூக்கினா, ஒவ்வொண்ணா எண்ணக்கூடிய மாதிரி இருந்த கரைப் பனைமரமெல்லாம் ஒரு கறுப்புக் கோடா தெரியுது.

திரும்பினேன். அப்பத்தான் மூஞ்சியில காத்து அறைஞ்சது. அதுவரைக்கும் அது என் முதுகுப் பக்கம் இருந்திருக்கு, நான் கவனிக்கவே இல்லை. போனப்போ பவர் காட்டினது நானில்லை, காத்து! ஒரு மணி நேரம் துழாவினேன். தண்ணி குடிக்க அரை நிமிஷம் நிறுத்தினா, அஞ்சு நிமிஷம் துழாவினது போச்சு. கை மரத்துப் போச்சு. தாகத்தைவிட, வீட்டுல யாருக்கும் நான் எந்தப் பக்கம் போனேன்னு தெரியாதேங்கற நினைப்புதான் தொண்டையை அடைச்சது.

வலை வாங்கப் போய்க்கிட்டிருந்த ஒரு வள்ளத்து அண்ணன் பார்த்துட்டுத் திருப்பினார். திட்டலை. "முதல்ல பின்னாடி கட்டியிருக்கறதை எடுத்து மாட்டு தம்பி" என்றார். மாட்டினேன். கயித்தை வீசிக்கிட்டே, "கிளம்புறப்ப பனை ஓலை எந்தப் பக்கம் சாஞ்சு ஆடுச்சுன்னு பாத்தியா?" என்றார். நான் பார்த்தது தண்ணியை மட்டும்தான்.

இதுதாங்க விஷயம். காத்து தண்ணி மேல நீண்ட தூரம் ஓடினால்தான் அலை வளரும். கரையிலிருந்து கடலை நோக்கி வீசுற காத்துக்கு, கரையோரத்துல ஓடறதுக்கு தூரமே கிடையாது. அதனால தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும். உள்ளே போகப் போகத்தான் அலை எழும்பும். மே முதல் செப்டம்பர் வரை அடிக்கிற தென்மேற்குக் காத்து, மண்டபத்து வடகரையில கரையிலிருந்து கடலுக்குத்தான் தள்ளும். அமைதியா இருக்கேன்னு நம்மை உள்ளே கூப்பிடற தண்ணிதான் அங்கே டேஞ்சர். புயல் கூண்டெல்லாம் ஏத்த மாட்டாங்க, ஏன்னா அன்னிக்குப் புயலே கிடையாது! இன்காய்ஸ் அறிவிப்பு பார்க்கும்போதும் அலை உயரத்தோட நிறுத்திடாதீங்க. காத்தோட திசையையும் வேகத்தையும் பாருங்க. ஆரம்பக்காரர் மணிக்கு நாலைஞ்சு கிலோமீட்டர் துழாவினாலே பெருசு. போகும்போது காத்தை எதிர்த்துப் போங்க, களைச்சுத் திரும்பறப்போ அதுவே கொண்டு வந்து விடும். கடலை நோக்கி வீசுதா? கயாக்கை இறக்காதீங்க, டீ குடிங்க. அக்டோபருக்கு மேல வாடைக் காத்து வந்தா அந்தக் கரையில அலை நேரா வந்து மோதும், அதுவும் வேண்டாம். பிப்ரவரி, மார்ச் மாதங்கள் பரவாயில்லை.

ஜாக்கெட் உடம்புல. போன் வாட்டர்ப்ரூஃப் பையில, பையும் உடம்புல. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, கடலோரக் காவல் படைக்கு 1554. அடையாள அட்டை வெச்சுக்கங்க, கரையில யாரிடமாவது போற திசையும் திரும்புற நேரமும் சொல்லிட்டுப் போங்க.

கரைக்கு வந்ததும் பர்ஸை நீட்டினேன். அண்ணன் டீசலுக்கு மட்டும் எடுத்துக்கிட்டார். என்னால அவர் வலை வாங்க ரெண்டு மணி நேரம் லேட். அதுக்குள்ள நண்டு கடிச்சு வெச்ச மீன் எவ்வளவுன்னு அவர் சொல்லலை, கேட்க எனக்கும் தைரியம் வரலை.

இந்த வருஷம் பிப்ரவரியில மறுபடி போனேன். கிளம்பும்போது பனை ஓலையைப் பார்த்தேன், கரையிலிருந்து சத்தம் போட்டா கேட்கற தூரத்தைத் தாண்டலை. ரெண்டு கிழங்கான், ஒரு பேத்தை. பேத்தையை விட்டுட்டு மீதியைப் பெருமையா சித்திகிட்ட நீட்டினேன். அவங்க கையில வெச்சுத் திருப்பிப் பார்த்துட்டு, "குழம்புக்கு வேற வாங்கிட்டு வா"ன்னு இருநூறு ரூபாயைக் கொடுத்தாங்க. நேரா அந்த அண்ணன் வள்ளத்துக்குத்தான் போனேன்.