பத்தடி மினி எப்படிப் பெருத்தது?

பெயரில் மட்டும்தான் அது இன்னும் 'மினி'. 1959 ஆகஸ்டில் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த முதல் மினியின் நீளம் 3.05 மீட்டர், அதாவது பத்தடி. நம் சாலைகளில் ஓடிய பெரோடுவா கஞ்சிலைவிட அது ஓர் அடி குட்டை. இப்போது விற்பனையில் இருக்கும் மூன்று கதவு பெட்ரோல் மினியோ 3.87 மீட்டரைத் தாண்டிவிட்டது. மைவிக்கும் அதற்கும் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர்தான் வித்தியாசம்.

மினி பிறக்கக் காரணம் எண்ணெய்த் தட்டுப்பாடு. 1956 சூயஸ் கால்வாய் நெருக்கடியால் பிரிட்டனில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. மக்கள் ஜெர்மனியின் குட்டிக் குமிழி கார்களைத் தேடத் தொடங்கினர். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் தலைவர் லெனார்ட் லார்ட், சிறிய கார் ஒன்றை உருவாக்கும் பொறுப்பைப் பொறியாளர் அலெக் இசிகோனிஸிடம் கொடுத்தார்.

இசிகோனிஸ் செய்த வேலை கெட்டிக்காரத்தனமானது. இயந்திரத்தை நெடுக்காக வைக்காமல் குறுக்காகத் திருப்பி வைத்தார். கியர்பெட்டியை அதன் அடியில் பொருத்தி, இரண்டுக்கும் ஒரே எண்ணெயை ஓட விட்டார். சக்கரம் வெறும் 10 அங்குலம். சுருள்வில்லுக்குப் பதில் ரப்பர். இப்படி மிச்சம் பிடித்ததில் காரின் தளத்தில் சுமார் 80 விழுக்காடு ஆட்களுக்கும் சாமான்களுக்கும் கிடைத்தது. பெரியவர்கள் நான்கு பேர் உட்காரலாம். இன்று மைவி உட்பட பெரும்பாலான சிறிய கார்களில் இயந்திரம் குறுக்காகத்தான் இருக்கிறது.

2000 அக்டோபர் வரை 41 ஆண்டுகள், 53 லட்சத்துக்கும் மேற்பட்ட மினிகள் தயாராகின. அத்தனை காலமும் அதன் அளவு பெரிதாக மாறவே இல்லை. பி.எம்.டபிள்யூ கைக்கு வந்தபின் 2001இல் புதிய மினி வந்தது. நீளம் சுமார் 3.63 மீட்டர். 2006இல் 3.7, 2014இல் 3.82. எடையும் சுமார் 600 கிலோவிலிருந்து 1,100க்கு மேல் போய்விட்டது.

கூடிய இடமெல்லாம் எங்கே போனது? பின் இருக்கைக்கு என்று நினைத்தால் ஏமாற்றம்தான். மூன்று கதவு மினியில் பின்னால் உட்காரும் பெரியவர்களுக்கு இன்றும் முழங்கால் இடிக்கும். பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது பாதுகாப்பு. பழைய மினியில் முன் பம்பருக்கும் பயணிக்கும் இடையே நசுங்கிக் கொடுக்க இடமே கிடையாது. ஆரம்பத்தில் இருக்கை வார்கூட இல்லை. இப்போது மோதலின் விசையைத் தாங்கி மடங்கும் முன்பகுதி வேண்டும், கதவுக்குள் இரும்புக் கம்பி வேண்டும், காற்றுப்பைகள் வேண்டும். பாதசாரியின் தலை பட்டால் அடி குறைய, பானட்டுக்கும் இயந்திரத்துக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும். அதனால் முகப்பும் உயர்ந்தது. குளிர்சாதனம், பெரிய சக்கரம், சத்தத்தை அடக்கும் பொருள்கள் எல்லாம் இதற்கு மேல். உயிர் தப்ப வேண்டுமானால் புதிய காரில்தான் இருக்க வேண்டும், சந்தேகமில்லை.

ஆனால் நிறுத்துமிடம் வளரவில்லை. சிங்கப்பூர் வீடமைப்புப் பேட்டைகளில் ஒரு பெட்டியின் அகலம் பொதுவாக 2.4 மீட்டர். பழைய மினியின் அகலம் 1.41, நடுவில் நிறுத்தினால் இருபுறமும் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மிஞ்சும். 2014 மினியின் அகலம் 1.73, மிஞ்சுவது 33தான். அந்த இடுக்கில்தான் மூன்று கதவு காரின் நீளமான கதவைத் திறந்து, பின்னால் பிள்ளையை ஏற்ற வேண்டும்.

அதே பெயரில் வரும் கண்ட்ரிமேன் 4.4 மீட்டரைத் தாண்டுகிறது. அதை மினி என்று அழைப்பது வேடிக்கைதான். பழைய தரைவீட்டில் குடியிருந்து புதிய கார் வாங்க நினைப்பவர்கள், அது எந்த நிறுவனத்தின் காராக இருந்தாலும், முன்பணம் கட்டும் முன் வாசலை அளந்துவிடலாம். விளம்பரத் தாளில் போடும் அகலத்தில் பெரும்பாலும் பக்கக் கண்ணாடிகள் சேராது.