உங்களுக்குத் தெரியுமா? பண்டாரவளையின் மூன்று நேரங்கள்

இலங்கையின் பண்டாரவளையிலிருந்து இன்று போகும் மின்னஞ்சலின் தலைப்பில் உள்ள திகதி வரி ‘+0530’ என்று முடியும்: கிரீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தி. ஆனால் அங்கே இந்த எண் எல்லாக் காலத்திலும் இதுவாகவே இருக்கவில்லை. வறட்சியால் மின்சாரத் தட்டுப்பாடு ஏற்பட்ட 1996 மே மாதம் இலங்கை கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது, ‘+0630’. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்வாங்கி ‘+0600’. 2006 சித்திரைப் புத்தாண்டோடுதான் பழைய ஐந்தரை திரும்பியது.

ஈமாக்ஸ் என்ற உரைத்தொகுப்பு மென்பொருளில் உள்ள லிஸ்ப் மொழி நிரல் இந்தத் திகதி வரியை ஒன்பது உறுப்புள்ள பட்டியலாகப் பிரிக்கிறது. கடைசி உறுப்புதான் நேர வித்தியாசம், அதுவும் செக்கன்களில்: 19800, 23400, 21600. ஊர்ப் பெயர் அதற்கு வேண்டாம், எண் போதும். 2000ஆம் ஆண்டு காலை 8 மணிக்குப் பண்டாரவளையிலிருந்து போன மடலை இன்றைய வித்தியாசத்தில் காட்டச் சொன்னால் ஈமாக்ஸ் 7.30 என்று காட்டும்!