செயற்கைக்கோள் படமும் கழுவெளித் தண்ணீரும்

தண்ணீர் உண்டா, இல்லையா என்பது ஒரு கேள்வி. உள்ள தண்ணீர் பயிருக்கு ஏற்றதா என்பது வேறொரு கேள்வி. உள்நாட்டுக் கிராமங்களில் முதற் கேள்விக்கு விடை கிடைத்தால் பெரும்பாலும் போதும். மரக்காணம் கடற்கரையை அடுத்த நிலச்சொந்தக்காரர்களுக்கோ இரண்டாவது கேள்வியே பெரிது. எந்தக் கடல்நீர் உப்பளத்துக்குச் செல்வமோ, அதே நீர் நெல் வயலுக்கு நஞ்சாகும். இந்நாளில் செயற்கைக்கோள் எடுத்த வர்ணப் படங்களைக் கைப்பேசியில் காட்டி, ஏரித் தண்ணீர் நல்லது என்றும் கெட்டது என்றும் கூறுவோர் பலர். அப்படம் எதைக் கூறவல்லது, எதைக் கூறமாட்டாது என்பதை விவசாயிகளும் கிராம அதிகாரிகளும் தெளிவாய் அறிந்துகொள்ளுதல் அவசியம். அதனை விளக்குவதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

கழுவெளியின் இயல்பு

விழுப்புரம் மாவட்டத்துக் கழுவெளி ஆழமற்ற, பரந்த நீர்நிலை. இதில் 5,151.6 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 12,700 ஏக்கர் பரப்பு, 2021ஆம் ஆண்டு டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளின் பட்டியலிலும் சேர்ந்தது. மேற்கேயுள்ள ஏரிகளின் உபரி நீரும் மழைவெள்ளமும் இதில் வந்து தங்குகின்றன. கிழக்கே ஓர் ஓடை இதனை எடையன்திட்டுக் கழிமுகத்தோடு இணைக்கிறது; அவ்வழியே கடல்நீர் உட்புகும். ஆகவே கழிமுகத்தில் உவர்நீரும், உட்பகுதியில் மழைக்காலத்தில் நன்னீரும், இடையே இரண்டும் கலந்த நீருமாக ஒரே நீர்நிலை மூன்று தன்மைகளைக் கொண்டிருக்கிறது. இவற்றின் எல்லை பருவத்தோடு மாறும். வடகிழக்குப் பருவமழையில் நன்னீர் கிழக்கே தள்ளும்; கோடையில் உவர் மேற்கே ஏறும்.

செயற்கைக்கோள் காண்பது யாது?

சூரிய ஒளி நீரின்மேல் விழுந்து, ஒரு பகுதி உள்ளே கிரகிக்கப்பட்டு, எஞ்சியது திரும்பி மேலே செல்கிறது. அவ்வாறு திரும்பும் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அளப்பதே செயற்கைக்கோளின் வேலை. தெளிந்த ஆழமான நீர், சிவப்பு ஒளியையும் நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியையும் பெரும்பாலும் விழுங்கிவிடும். ஆதலின் படத்தில் கருத்துத் தோன்றும். வண்டல் கலங்கிய நீர் சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்பும். பாசி படர்ந்த நீரில் உள்ள பச்சையம் நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் கிரகித்துப் பச்சையைத் திருப்பும். இவ்வேற்றுமைகளைக் கணக்கிட்டே கலங்கலும் பாசியும் மதிப்பிடப்படுகின்றன.

இவ்வகையில் அமெரிக்காவின் லாண்ட்சாட் வரிசை 1972ஆம் ஆண்டு முதலும், நம் நாட்டின் ஐ.ஆர்.எஸ். வரிசை 1988 முதலும், ஐரோப்பாவின் சென்டினல்-2 வரிசை 2015 முதலும் பூமியைப் படமெடுத்து வந்துள்ளன. சென்டினல்-2 கலங்கள் இரண்டு சேர்ந்து, ஐந்து நாட்களுக்கு ஒருமுறை, முற்பகல் சுமார் பத்தரை மணிக்கு ஓரிடத்தைக் கடக்கின்றன. லாண்ட்சாட் படத்தின் ஒரு கட்டம் 30 மீட்டர் சதுரம், அதாவது ஏறக்குறைய 22 சென்ட் நிலம். சென்டினல் படத்தின் நுண்ணிய கட்டம் 10 மீட்டர் சதுரம், அதாவது இரண்டரை சென்ட். ஒரு கட்டத்துக்குள் உள்ளவை யாவும் ஒரே நிறமாகக் கலந்து பதிவாகும். ஆகையால் பரந்த கழுவெளியை இப்படம் நன்கு காட்டும். நான்கடி அகலமுள்ள பாசன வாய்க்காலின் நீரைக் காட்டமாட்டாது.

இதன் பயன்

நீர்ப்பரப்பு எவ்வளவு விரிந்தது, எவ்வளவு சுருங்கியது, வண்டல் எத்திசையிலிருந்து வருகிறது, பாசியும் நீர்க்களைகளும் எங்கே பெருகுகின்றன என்பவற்றை இப்படங்கள் சிறப்பாகக் காட்டும். அமெரிக்காவின் ஈரி ஏரியில் 2014ஆம் ஆண்டு ஆகஸ்டில் நச்சுப்பாசி பெருகி, டொலீடோ நகரத்தைச் சார்ந்த நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் குழாய்நீரைக் குடிக்கலாகாது என்று தடுக்கப்பட்டனர். அவ்வேரியின் பாசி இன்றும் செயற்கைக்கோள் படங்களின் உதவியால் கண்காணிக்கப்படுகிறது. பழைய லாண்ட்சாட் படங்கள் இலவசமாகவே கிடைப்பதால், ஐம்பதாண்டுகளில் ஒரு நீர்நிலையின் கரையோரம் எவ்விதம் மாறியது என்பதை ஒப்பிட்டுப் பார்க்கவும் இயலும். ஆக்கிரமிப்பு வழக்குகளில் கிராம அதிகாரிகளுக்கு இது பெருந்துணையாகும்.

படம் கூறாதது

நிற்க. நமக்கு முதன்மையான உப்பைப் பற்றி இப்படங்கள் நேராக ஒன்றும் கூறுவதில்லை. கரைந்த உப்புக்கு நிறமில்லை. 2009இல் ஏவப்பட்ட ஸ்மாஸ் என்ற கலமும், 2015இல் ஏவப்பட்ட ஸ்மாப் என்ற கலமும் கடலின் உப்பை அளந்து வந்துள்ளன. ஆயின் அவை அளக்கும் ஒரு கட்டம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். கழுவெளி முழுவதும் அதற்குள் மறைந்துபோகும்.

இதைவிட ஆபத்தான செய்தி ஒன்று உண்டு. அதனை ஒவ்வொருவரும் தம் வீட்டிலேயே சோதித்து அறியலாம். இரண்டு கண்ணாடிக் குவளைகளில் களிமண் கலங்கிய ஏரித் தண்ணீரை நிரப்புக. ஒன்றில் ஒரு கரண்டி உப்பைக் கரைத்து, இரண்டையும் அசைக்காமல் வைத்திடுக. உப்பிட்ட குவளையில் களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு விரைவில் அடியில் படியும், மேல்நீர் தெளியும். உப்பிடாத குவளை நெடுநேரம் கலங்கியே நிற்கும். கழிமுகங்களிலும் நிகழ்வது இதுவே. ஆகவே புதுமழையின் நன்னீர் படத்தில் கலங்கலாகவும், உவர் ஏறிய நீர் தெளிவாகவும் தோன்றக்கூடும். தெளிவைக் கண்டு நல்ல நீரென்று நம்பி நாற்றங்காலுக்குப் பாய்ச்சுபவர், நாற்றை இழப்பார். நெற்பயிர் இளநாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் உப்பைத் தாங்கும் வலிமை குறைந்தது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

எவ்வளவு உப்பு தீங்கு செய்யும்? கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உள்ளது. அதில் ஒரு பங்கை 19 பங்கு நன்னீருடன் கலந்தால் லிட்டருக்கு 1.75 கிராம் இருக்கும். அந்நீரின் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு ஏறக்குறைய 3 டெசிசைமன்ஸ் ஆகும். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனத்தின் வரையறைப்படி 0.7க்குக் கீழ் தடையில்லை, 0.7 முதல் 3 வரை எச்சரிக்கை வேண்டும். 3க்கு மேல் கடுங் கட்டுப்பாடு வேண்டும். இருபதில் ஒரு பங்கு கடல்நீர் கலந்ததை எக்கண்ணும் கண்டறியாது.

மேலும் இரு குறைகள் உள. ஆழம் குறைந்த இடத்தில் அடிமண்ணின் நிறமே நீரின் நிறமாகப் பதிவாகும். பருவமழையில் மேகம் மூடினால் படமே கிடையாது. 2024ஆம் ஆண்டு நவம்பர் 30இல் பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது போன்ற நாட்களில், நாம் அறிய விரும்பும் வேளையில்தான் மேகம் திரையிடும். 2025ஆம் ஆண்டு ஜூலை 30இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் போன்ற ராடார்க் கலங்கள் மேகத்தை ஊடுருவி வெள்ளப் பரப்பைக் காட்டும். ஆயினும் நீரின் தரத்தைக் காட்டா.

செய்யத்தக்கவை

1. பாசனத்துக்கு நீர் எடுக்கும் மதகுகளிலும் வாய்க்கால் தலைப்புகளிலும் நிலையான சில இடங்களைக் குறித்துக்கொள்க. சரணாலய எல்லைக்குள் மாதிரி எடுப்பதாயின் வன இலாகாவின் அனுமதி பெறுக.

2. செயற்கைக்கோள் கடக்கும் நாளில், முற்பகல் பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையே சுத்தமான புட்டியில் நீர் எடுத்து, மின்கடத்தும் திறனை மானியால் அளந்திடுக. மானி இல்லாவிடில் மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்புக.

3. எட்டங்குல அகலமுள்ள வெண்ணிறத் தட்டைக் கயிற்றில் கட்டி நீரில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்திடுக. இத்தாலிய அறிஞர் செக்கி 1865இல் வகுத்த இம்முறை இன்றும் வழக்கில் உள்ளது. தட்டு மறையாமல் தரையைத் தொடுமாயின் அதனையும் எழுதுக. அவ்விடத்துப் படத்தை நம்புதலாகாது.

4. தேதி, மணி, இடம், நீராழம், முன்தினத்து மழை, காற்று ஆகியவற்றுடன் இவ்வளவுகளைக் கிராமத்தில் ஒரு பதிவேட்டில் எழுதி வருக.

5. படம் எத்தகையதாயினும், நாற்றங்காலுக்கு முதல் நீர் பாய்ச்சுமுன் அன்றைய நீரை அன்றே அளந்திடுக.

பதிவேடு இரண்டொரு பருவம் தொடர்ந்தால், நம் கழுவெளியில் எந்த நிறம் எந்தக் கலங்கலைக் குறிக்கிறது என்பதை அறிஞர்கள் கணக்கிட வழி பிறக்கும். கையளவு இல்லாத படம் வெறும் வர்ணமே. உவர் எம்மாதத்தில் எம்மதகு வரை ஏறுகிறது என்பதும் அப்பதிவேட்டிலிருந்து கிராமத்தாருக்கே விளங்கும். வானிலிருந்து பார்ப்பது பரப்பைக் காட்டும். கரையில் நின்று அளப்பதே உப்பைக் காட்டும். இரண்டையும் சேர்த்துக் கையாளும் விவசாயி, விதைத்ததை இழக்கமாட்டார்.